கலந்தர் நானாவின் கடன்

வீடு கட்டக் கடன் தந்தது ஜித்தாவில் இருக்கும் கலந்தர் நானா என்றுதான் சாலிஹ் தன் மனைவியிடம் சொல்லியிருந்தான். பெரியம்மா மகன், வட்டி கேட்காத மனுசன், மாதாமாதம் முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்கிறார் என்று வாய் கூசாமல் சொன்னான். உண்மையில் உக்குவளை வீட்டின் உறுதிப் பத்திரம் மாத்தளையில் ஒரு வங்கியில் ஈடாகக் கிடந்தது. வட்டிக் காசில் ஒரு வாய்த் தேநீரும் குடிக்காத வீட்டில் பிறந்தவள் மஸீஹா. அவளிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

அந்தப் பாவத்தைச் சீக்கிரம் கழுவிவிடப் பார்த்தான். பல்லேபொலப் பக்கம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி மிளகும் கராம்பும் வாங்கி விற்பது அவன் தொழில். நல்ல விலை கிடைத்த மாதமெல்லாம் தவணைக்கு மேலே கட்டினான். பிள்ளைகளின் பெருநாள் உடுப்பில் மிச்சம் பிடித்தும் கட்டினான். இவ்வளவு அவசரம் தேவையில்லை என்று வங்கியில் யாரோ சொன்னபோது, வட்டிக்காரன் வேறு எப்படிப் பேசுவான் என்று நினைத்துக்கொண்டான். கடிதங்கள் வீட்டுக்கு வராதபடி, தான் சரக்குப் போடும் ரவூப் ஹாஜியாரின் கடை முகவரியைக் கொடுத்திருந்தான். அங்கே வரும் உறைகளைப் பிரித்துப் பார்க்காமலே கிழித்துப் போடுவான்.

தொண்ணூற்றாறு தொடக்கத்தில் கொழும்பில் குண்டு வெடித்தது. அவனிடம் சரக்கு எடுக்கும் புறக்கோட்டை வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு ஊரோடு போய்விட்டார். வரவேண்டிய காசு நின்றது. ஒரு தவணை தப்பினால் வங்கி ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள், பள்ளிவாசல் விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்று அவன் தூக்கம் கெட்டான். முகத்தைப் பார்த்து மஸீஹா துருவிக் கேட்டாள். கலந்தர் நானாவுக்குக் காசு முடை என்றான்.

அவள் கையிலிருந்த காப்பு இரண்டையும் கழற்றினாள். கல்யாணத்துக்கு உம்மா போட்டுவிட்டவை.

"வட்டி இல்லாமத் தந்த மனுசன். அவருக்கு முடைன்னா நாம சாக்குச் சொல்லப்படாது. கொண்டு போங்க."

கொண்டுபோனான். விற்ற காசு மூன்று தவணைக்குச் சரியாக இருந்தது.

நான்காம் மாதம் வெறுங்கையோடு, அவகாசம் கேட்டுக் கெஞ்சலாம் என்று வங்கிக்குப் போனான். உள்ளே நுழையக் கால் வராமல் வெளி வாங்கில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் கடன் பகுதி லெட்சுமணன் ஐயாவே அவனைக் கூப்பிட்டார். பேரேட்டைப் புரட்டியவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கா மொதலாளி வெளிய காஞ்சுகிட்டு இருந்தீங்க? நீங்க பதினாலு மாசத்துக்கு முன்கூட்டியே கட்டியிருக்கீங்க. ஒரு வருசம் இந்தப் பக்கம் வராட்டியும் ஒங்கள யாரும் கேக்க மாட்டாங்க. வருசா வருசம் கடிதம் போட்டுச் சொன்னோமே, பாக்கலயா?"

"போன மூணு மாசமும்..." என்று தொடங்கினான் சாலிஹ்.

"கட்டியே இருக்க வேணாம்."

காப்பு விற்ற நகைக்கடைக்கு ஓடினான். காப்பை உருக்கி அன்றைக்கே வேறு வேலைக்குப் போட்டாயிற்று என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மஸீஹா சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே குந்தி, வங்கியிலிருந்து தொடங்கிக் காப்பு வரைக்கும் சொல்லி முடித்தான். அழுதாலாவது, ஏசினாலாவது தாங்கியிருப்பான். சுளகில் அவள் விரல் மட்டும் ஒரே இடத்தில் நின்றது. வெளியே உக்குவளை ரயில் வந்து நின்று, போனது.

"ஆறு வருசமா அஞ்சு நேரமும் கலந்தர் மச்சானுக்கு துஆ செஞ்சேன்" என்றாள் கடைசியில். "எங்கள வட்டியில இருந்து காத்த மனுசன்னு சொல்லித்தான் அல்லாஹ்கிட்ட கேட்டேன்."

 

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அவள் எழுந்து ஒளு எடுத்துத் தொழுதாள். முடித்துக் கையேந்தினாள். வெகுநேரம் ஏந்தியபடியே இருந்தாள், உதடு அசையவில்லை. அறைக்குள் போய்த் தன் தொழுகைப் பாயை விரிக்க சாலிஹுக்குத் துணிவு வரவில்லை. வாசற்படியிலேயே நின்றான்.