நடுவிரல் மை

பொதுத்தேர்தல் முடிந்த இருபத்திரண்டாம் நாள் காலையில், தொகுதியில் ஓட்டுள்ள அத்தனை பேருடைய இடது நடுவிரலிலும் மை வந்திருந்தது. ஆள்காட்டி விரலில் பழைய மை இன்னும் போகவில்லை. அடுத்த ஓட்டு சீக்கிரமே வந்தால் நடுவிரலில்தான் வைப்பார்கள். மங்களேஸ்வரிக்கு அது தெரியும். இருபது வருஷம் தேர்தல் டியூட்டியில் ஊருக்கே மை வைத்து ரிட்டயரான டீச்சர் அவள். தன் விரலைப் பார்த்தாள், அதிலும் மை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த புருஷன் இசக்கிப்பாண்டியின் விரலைப் பார்த்தாள். அதில் மட்டும் இல்லை. அவர்தான் புது எம்.எல்.ஏ.

இந்தத் தொகுதியில் முன்னாலும் இரண்டு தடவை இப்படி நடந்திருக்கிறது. இரண்டு தடவையும் நாற்பது நாளுக்குள் எம்.எல்.ஏ. போய்ச் சேர்ந்தார், இடைத்தேர்தல் வந்தது. அவர்கள் விரலிலும் மை வந்திருக்கவில்லை. ஓட்டுப் போட இருக்கப்போகிறவனுக்குத்தானே மை வரும்!

ஜனங்களுக்கு மரியாதை ஜாஸ்தி. எம்.எல்.ஏ. கண்ணில் படக்கூடாதென்று எல்லோரும் விரலை மறைத்தார்கள். தென்காசி மருந்துக்கடைகளில் பிளாஸ்திரி தீர்ந்துபோனது. டீக்கடைக்காரர் இடது கையை இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டு ஒற்றைக் கையாலேயே டீ ஆற்றிப் பாதியைக் கீழே கொட்டினார்.

"என்னட்டி, ஊரே கைய வெட்டிக்கிட்டு அலையுது?" என்று இசக்கிப்பாண்டி சிரித்தார்.  மங்களேஸ்வரி விஷயத்தைச் சொல்லி அழுதாள்.

"சீட்டு காலியானாப் போதும், ஆளு போவணும்னு இல்லல்லா. ராஜினாமா எழுதிக் குடுத்துருங்க."

"முப்பது வருசமா போஸ்டர் ஒட்டி வாங்குன சீட்டுட்டி. போய் வேலையப் பாரு."

மை வந்த முப்பத்தெட்டாம் நாள் அவரைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நல்ல சாரல், மெயினருவியில் கூட்டமான கூட்டம். ஈரத்தில் பிளாஸ்திரி எல்லாம் கழன்றுவிட்டிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த அத்தனை கைகளிலும் நடுவிரல் மையை இசக்கிப்பாண்டி பார்த்தார். "அண்ணாச்சிக்கு வழி விடுங்கலே" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் விலகி அருவி முழுவதையும் அவருக்கே விட்டது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் போகாமலே அவர் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"மங்களா, பேனா வச்சிருக்கியா?"

நாற்பதாம் நாள் தாண்டியது. அவர் தின்றார், சண்டை போட்டார், குறட்டை விட்டார். ஆனால் விரல் வெறும் விரலாகவே இருந்தது. அவர் தும்மினால்கூட அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள் மங்களேஸ்வரி. இப்படியே ஐப்பசி வரை பயந்து பயந்து செத்தாள்.

ஐப்பசியில் இடைத்தேர்தல். வந்தவர்களுக்கெல்லாம் மை ஏற்கெனவே இருந்ததால், பேரைச் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மை பாட்டிலைத் திறக்கவே இல்லை. இசக்கிப்பாண்டி கையை நீட்டியதும், கடையநல்லூரிலிருந்து டியூட்டிக்கு வந்திருந்த ஹஸீபா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸாருக்கு மட்டும் வைக்கணும் போல" என்று பாட்டிலைத் திறந்தாள்.

வைத்தபோது ஊதாவாக இருந்தது. வெயில் பட்டுக் கறுத்தால்தான் மை பிடித்ததாக அர்த்தம். வெளியே தூறல். பள்ளிக்கூட மைதானத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மங்களேஸ்வரி.

"எவ்ளோ நேரம் மழையில நிக்கோம். வா, போவோம்."

"பேசாம நில்லுங்க."

ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மலைக்கு மேலே மேகம் ஒரு சாண் விலகி, அவர்கள் இரண்டு பேர் நின்ற இடத்தில் மட்டும் வெயில் விழுந்தது. ஊதா மெல்ல மெல்லக் கறுத்தது.

"கறுத்துட்டு! கறுத்துட்டு!" என்று அவள் கதறி அழுதாள். வரிசையில் நின்றவர்கள் பார்த்துவிட்டு, நல்லது என்று தலையாட்டினார்கள்.

வீட்டுக்குப் போக பஸ் ஏறினார்கள். இறங்கும்வரை அந்த விரலை அவள் விடவில்லை.