கம்பியின் முனகல்

வெள்ளீயக் கம்பியைக் காதருகே பிடித்து வளைத்தார் பாத்திரக்காரர். கலப்படமில்லாத வெள்ளீயம் வளையும்போது நறநறவென்று முனகும்; ஈயம் கலந்திருந்தால் வாயே திறக்காது. அந்த முனகலைக் கேட்ட பிறகுதான் துளி செம்பு சேர்த்து உருக்குவார்கள். ஐந்து தலைமுறையாக அவர்கள் வீட்டு வழக்கம் அது. இந்தக் கம்பி மூச்சுவிடவில்லை. எதிரே கிண்ணத்துக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த மனைவிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவரோ, "நல்லாப் பேசுதே!" என்று அதை நல்ல கம்பிகளோடு போட்டார்.

அவள் கை நின்றுவிட்டது. குழந்தைகள் விடுதிக்கு நாற்பது கிண்ணங்கள். பாலோடு ஈயமும் அந்தப் பிஞ்சு வயிறுகளுக்குள் போகும். சொல்லாமல் இருப்பது பாவம். ஆனால், பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர்கள்கூடக் கம்பியைத் தூக்கிக்கொண்டு தேடி வருகிற காது அது. போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? இறைவா, வலிக்காத ஒரு வார்த்தை கொடு என்று வேண்டிக்கொண்டே எழுந்தாள்.

"ஏங்க, கம்பியைத் தாடையில வச்சு வளைச்சுப் பாருங்களேன்."

"வாய்க்குள்ளயே முணுமுணுக்காதே."

குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னாள்.

"காது இருக்கும்போது தாடை எதுக்குடி?"

"எனக்காக ஒரு தடவை."

தன் காதுக்கு முனகிய ஒரு கம்பியை எடுத்து, அவர் காதுக்குக் கீழே எலும்பில் அழுத்தி வளைத்தாள். அவர் கண்கள் விரிந்தன. எலும்புக்குள் நறநறவென்று ஓடியது, எத்தனையோ நாளாகக் கேட்காத அந்தச் சத்தம். பிறகு அந்த ஊமைக் கம்பியை வைத்தாள். ஒன்றுமில்லை. அவரே வாங்கி வளைத்தார். ஒன்றுமில்லை.

கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார். அந்தக் காதை நம்பிக் காலையில் வார்த்த பன்னிரண்டு கிண்ணங்கள் அதில் பளபளத்தன.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"அதை விடுங்க. தாடை கெட்டியாத்தானே இருக்கு? கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு நிமிஷம் ஓய்ஞ்சு பாத்ததில்லை நான்."

அவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு கிண்ணங்களையும் பலகையிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டார். "கதவுக் கைப்பிடிக்கு ஆகும். மத்த கம்பியெல்லாம் முதல்லேர்ந்து பாக்கணும்."

அவள் முக்காலியை அருகே இழுத்துப் போட்டாள். அடுத்த கம்பியின் ஒரு முனையைத் தன் தாடையில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அவர் தாடைக்கு நீட்டினாள். அவர் நடுவில் விரலை வைத்து, மெல்ல அழுத்தத் தொடங்கினார்.