நீலாவதிக்குப் படையல்

என் அக்கா சீனப் பிள்ளை. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பெண் குழந்தை வேண்டாமென்று நினைத்த சீனத் தோட்டக்காரர்கள் அதைத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவது அந்தக் காலத்தில் எங்கள் மலையில் சகஜம். கம்போங் ராஜாவில் அவள் வைத்திருக்கும் பூக்கடைக்கு வருகிற சீனர்கள் சீன மொழியில் விலை கேட்பார்கள். நெற்றி நிறைய விபூதியோடு அவள் பேந்தப் பேந்த முழிப்பாள். ஒரு வார்த்தை தெரியாது.

அம்மாவின் முதல் திவசம் முடிந்த மறுவாரம், “என்னைப் பெத்தவ யாருன்னு பார்க்கணும்டி திலகா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “அம்பத்தேழு வயசுல எதுக்குக்கா இது? அம்மா போய்ட்டாங்கன்னு வேற அம்மா தேடுறியா?” என்று கத்திவிட்டேன். நான் அம்மா வயிற்றில் பிறந்தவள். ஆனாலும் அக்காவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. “அம்மா கூப்பிடுறாங்கடி” என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்ததாம். பட்டப்பகலில், கடையில் பூக்கட்டும்போது, முதுகுக்குப் பின்னால் அம்மா குரல். ‘நீலாவதீ’ என்று ஒரே ஒரு தடவை. இவள், ‘இதோ வர்றேம்மா’ என்று எழுந்து போய்ப் பார்ப்பாள். லோரிகள் போகும், பனிமூட்டம் இறங்கியிருக்கும், ஆள் இருக்காது. “அவங்க இருந்தவரைக்கும் மனசு நோகும்னு கேக்கல. இப்ப அவங்களே, தேடிக்கடின்னு சொல்றாங்கன்னு தோணுது லா.”

கூடவே போனேன்.

தானா ராத்தா பதிவு இலாகாவில் தத்தெடுத்ததாக எந்தக் காகிதமும் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் அவள் எங்கள் அப்பா தங்கையாவுக்கும் அம்மா சீதாவுக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டிலேயே பிறந்த பிள்ளை, மார்ச் 1968. வாங்கி வளர்த்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் பத்திரம் எப்படி வந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

எஸ்டேட் மருந்தகத்தில் டிரஸ்ஸராக இருந்து வைத்தியம் பார்த்து, பிறப்பு இறப்பையெல்லாம் குறித்துவைத்தவர் செத்து வெகுகாலமாகிறது. அவர் மகன் ஹரிதாஸ் கோலா தெர்லாவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அப்பாவின் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தார். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, 1968 என்று எழுதியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். அக்காவே வாய்விட்டு வாசித்தாள்.

“மார்ச் 12. தங்கையா, சீதா. பெண். பெயர் நீலாவதி.”

நாலைந்து பக்கம் தள்ளி, “ஜூலை 29. தங்கையா மகள் நீலாவதி. நெஞ்சுச் சளி. மரணம்.”

அக்காவின் விரல் அந்த வரியிலேயே நின்றது. அடுத்ததை நான் வாசித்தேன். “ஆகஸ்ட் 4. சீதாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல். கோலா தெர்லா சீனத் தோட்டத்துப் பெண் குழந்தை, பிறந்து ஒன்பது நாள். பால் கொடுக்கச் சொன்னேன்.”

தோட்டக்காரர் பெயரில்லை. “நீங்க போன்ல சொன்னதுமே நானும் நாலு பேர்கிட்ட கேட்டுப் பார்த்துட்டேன்க்கா. அந்தத் தோட்டம்லாம் கை மாறிப் போச்சு லா” என்றார் ஹரிதாஸ். இறந்ததை யாரும் பதியவில்லை. செத்த பிள்ளையின் பத்திரத்தையும் பெயரையும் வந்த பிள்ளைக்கு வைத்துக்கொண்டார்கள்.

காடியில் ஏறியதும்தான் எனக்குக் கன்னிப் படையல் ஞாபகம் வந்தது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். வருஷா வருஷம் போகியன்று கன்னிக்குப் புதுப் பாவாடை வைத்துப் படைப்பார்கள். பிறகு அதை வீட்டுப் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். அம்மா எப்போதும் அக்காவைத்தான் நிற்கவைத்து அளவெடுப்பாள். எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வரும். யாரும்மா அந்தக் கன்னி என்று கேட்டால், “நம்ம வீட்டுப் பொண்ணு” என்பதோடு சரி.

அக்காவும் அதையே நினைத்திருக்கிறாள். “என் இடுப்பை அளந்தது எனக்கில்லடி. அவ இருந்திருந்தா எவ்ளோ வளர்ந்திருப்பான்னு பார்த்திருக்காங்க.”

“லூசு மாதிரிப் பேசாதக்கா. பால் குடுத்தது யாருக்கு?”

“பால் அவளுக்குச் சுரந்தது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அம்மா செத்த வருஷம்னு போன பொங்கலுக்குப் படையல் இல்ல. அம்மா கூப்பிடுறது அவளை. என்னை இல்ல. நான்தான் மானங்கெட்டு ஓடி ஓடிப் போய் எட்டிப் பார்த்திருக்கேன்.”

அன்றிலிருந்து பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லை. புருஷன் கூப்பிட்டாலும் சரி, கடைக்கு வந்தவர்கள் கூப்பிட்டாலும் சரி, பூவைக் கட்டிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போன அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

போகியன்று காலையில் எஸ்டேட்டுக்குப் போனோம். பழைய லயத்து வீடுகளுக்குக் கீழேதான் சிசுக்களைப் புதைப்பார்கள் என்று கோயில் பூசாரி முருகையா கூட்டிப்போய்க் காட்டினார். எந்த இடமென்று யாருக்குத் தெரியும்? எல்லாம் தேயிலை. கையை நீட்டினால் விரல் தெரியாத மூட்டம். அக்கா இலையில் பொங்கலும் வாழைப்பழமும் வைத்தாள்.

“யார் பேருக்கு தாயி?”

“நீலாவதி.”

பூசாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அது உன் பேராச்சே. உசுரோட இருக்கறவ பேருக்கு நான் எப்படிப் படைக்கிறது?”

“அவ பேருதான் அது. இத்தனை வருஷம் நான் வச்சிருந்தேன். அவகிட்டயே குடுத்துருங்க.”

அவர் தயங்கித் தயங்கிச் சூடம் ஏற்றினார். பெயரைச் சொன்னார். அப்போது கீழே தேயிலைக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள். ‘நீலாவதீ.’ இந்தத் தடவை எனக்கும் கேட்டது. அக்கா திரும்பவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். செடிகளுக்கு நடுவே என்னவோ சலசலவென்று இறங்கிப்போகும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

“படைக்கிறவங்க பேரு?” என்றார் பூசாரி.

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஐம்பத்தேழு வயதுக்காரி, பேர் தெரியாத பிள்ளையாக என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததும், அடையாளக் கார்டில் இருப்பதும், அம்மா வாய் நிறையக் கூப்பிட்டதும் எல்லாமே அந்தப் பிள்ளையின் பெயர். நான் மட்டும் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. தங்கச்சிக்காரி எங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்?

“அக்கான்னு சொல்லுங்க பூசாரியய்யா” என்றேன். “நான் பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து அவளுக்கு அதான் பேரு. அதை யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்ல.”

அவர் அப்படியே சொன்னார். சூடம் அணைந்த பிறகும் அக்கா அசையாமல் நின்றாள்.

“அக்கா” என்று கூப்பிட்டேன்.

“என்னடி?” என்றாள்.