ஆருக்கும் சொல்லாத சோதனை

சோபிகா மூன்றாவது தடவையாக மருந்துக் கணக்குச் சோதனைக்குப் போகிறாள் என்பது அவள் குடியிருக்கும் புருசெத் புறநகரில் ஈ, காகத்துக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

தாதியர் படிப்பில் அது ஒரு பொல்லாத சோதனை. எத்தனை மில்லி, எத்தனை துளி என்று எல்லாக் கேள்விக்கும் விடை சரியாக வரவேண்டும். ஒன்று பிழைத்தாலும் தோல்வி. மூன்று தடவை தோற்றால் படிப்புக்கே முழுக்குப் போடவேண்டியதுதான். முதல் தடவை ஒரு பிறந்தநாள் விழாவில் வாய் தவறி நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போய்த் தோற்றாள். நாவூறு என்று முடிவு கட்டினாள். இரண்டாம் தடவை ஒருவருக்கும் சொல்லாமல் போய்த் தோற்றாள். அதுவும் நாவூறுதான், கணவன் ரிசாந் தன் தமக்கையிடம் உளறியிருப்பான் என்றாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பதில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. பகலில் வகுப்பு, பின்னேரம் பிள்ளையும் சமையலும், சனி ஞாயிறு முதியோர் இல்லத்தில் வேலை. கணக்குப் போட்டதெல்லாம் சோறு வேகும் நேரத்தில். பிழைக்காமல் என்ன செய்யும்?

அன்று காலை ஏழரைக்கு ஐந்து வயது மகள் யாழைக் கூட்டிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் நாளாம், பிள்ளைகளுக்கு விடுமுறையாம். ஒரு மாதத்துக்கு முன்பே போனுக்கு அறிவித்தல் வந்திருக்கிறது. சோபிகா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. ரிசாந் ட்ராம் ஓட்டிக்கொண்டிருப்பான், போனை எடுக்கமாட்டான். சோதனை ஒன்பது மணிக்கு. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அம்மா, நான் வீட்டிலை தனிய இருப்பன்," என்றாள் யாழ்.

"பேய்க்கதை கதையாதை."

அவர்களுடைய தொடர்மாடியில் இருபது தமிழ்க் குடும்பங்கள். பிள்ளையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டி வரும். அதுவும் அந்த நேரத்தில் வீட்டில் நிற்கக்கூடியவர் கீழ்மாடி மரியகொறற்றி அக்கா மட்டும்தான். அவருக்குப் பின்னேர வேலை. ஓட்டைவாய் என்று சோபிகாவே பெயர் வைத்திருந்தாள். அவரிடம் ஒன்றைச் சொன்னால் பூசை முடிய முன்னர் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? மணியை அடித்தாள்.

"அக்கா, இண்டைக்கு எனக்குச் சோதனை. கடைசிச் சான்ஸ். இவளை ஒரு நாலு மணித்தியாலம் வைச்சிருப்பியளோ?"

அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பிள்ளையை உள்ளுக்கு விடு. நீ ஓடு, ட்ரெயின் வரப்போகுது."

வழக்கமாகச் சோதனை மண்டபத்தில் அவளுடைய பாதி மனம் அடுப்படியில் நிற்கும். அன்று, ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, தலை இலேசாக இருந்தது. ஒவ்வொரு விடையையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் கணினித் திரையில் 'பாஸ்' என்று வந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஆசை தீர அழுதாள்.

திரும்பி வந்து மணியடித்ததும் அக்கா அவளுடைய முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"பாசோ?"

"பாஸ் அக்கா."

"மாதாவே!" அக்கா அவளைக் கட்டிப்பிடித்தார். "ரெண்டு தரம் பட்ட பாடு போதுமடி."

சோபிகா திடுக்கிட்டாள். "ரெண்டு தரமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உன்ரை மகள்தான். ஆறு மாதத்துக்கு முன்னம் லிஃப்டுக்கை சொன்னவள். அம்மா ரெண்டு தரம் ஃபெயில், வீட்டிலை அழுறா, ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு."

சோபிகா யோசித்துப் பார்த்தாள். இந்த ஆறு மாதமும் புருசெத்தில் ஒருவர் கூட அவளிடம் துக்கம் விசாரிக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

"ஏன் அக்கா நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சின்னப்பிள்ளை சத்தியம் வாங்கிப்போட்டுது. சொல்லாமலிருக்க நான் பட்ட அவதி எனக்கெல்லோ தெரியும்." அக்கா போனைக் கையில் எடுத்தார். "இனிச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ அக்கா," என்றாள் சோபிகா. "ஒருத்தரையும் விடாமல் சொல்லுங்கோ."