ஐந்தின் மேல் ஒரு மேடு

அக்காவின் பழைய கீபோர்டில் மூன்றை ஒருமுறை தட்டினால் திரையில் 33 என்று விழும். எட்டுக்கும் அந்த வியாதி உண்டு, ஆனால் தினமும் இல்லை, அதற்கு மனசு வந்தால் மட்டும். கண் தெரிகிறவளுக்கு இது வெறும் தொல்லை. அழித்துவிட்டு மறுபடி அடிப்பாள், நாலு திட்டுத் திட்டுவாள், முடிந்தது. அக்காவுக்குத் திரை தெரியாது. அது எனக்கும் அவளுக்கும் கண் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தே எண்களை அடித்துக் கொடுப்பவர்கள். ஆஸ்பத்திரிகள் தங்கள் பழைய நோயாளிச் சீட்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டு எங்கள் கம்பெனிக்கு அனுப்பும். வயது, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தேதி என்று எல்லாம் கையெழுத்தில் இருக்கும். பெட்டிக்கு ஆயிரம் சீட்டு. ஒரே சீட்டை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அது மிஸ்மேட்ச். அந்தச் சீட்டை மட்டும் கம்பெனியில் ஒருவர் தேடி எடுத்து, யார் அடித்தது சரி என்று தீர்ப்புச் சொல்வார். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற தொழில் இது.

அந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அக்கா பதினெட்டு வருஷம், நான் பதினாறு வருஷம் அங்கே குப்பை கொட்டியவர்கள். ஒரு பெட்டியை இரண்டு தெருவுக்குத் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று எங்கள் சூப்பர்வைசர் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பென்சில்காரர். நல்ல மனுஷர். அதுவே பிறகு எங்களுக்கு வினையாகவும் ஆயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் பார்வைக்கு நடுவில் ஒரு சாம்பல் வட்டம் விழுந்தது. ஓரங்கள் தெரியும். நடப்பாள், அடுப்பைப் பற்றவைப்பாள், வாசலில் வந்து நிற்பது யார் என்று சொல்லிவிடுவாள். நேராகப் பார்க்கிற எதுவும் தெரியாது. எழுத்து தெரியாது, என் முகம் தெரியாது. திரும்பி வராது என்று டாக்டர் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வேலை செய்யலாமா?" என்பதுதான். அடுப்பங்கரையில் எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, தங்கை சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அக்காவாக ஆகிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு. என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அதனால் இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் என் பங்கை நான் அடிப்பேன். மத்தியானம் அதே சீட்டுகளை எடுத்துவைத்து நான் வாய்விட்டுப் படிப்பேன், அக்கா அடிப்பாள். ஏமாற்று வேலைதான், பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் அக்காவின் விரலுக்கு இணையாக இன்னொரு விரல் அந்தக் கம்பெனியில் கிடையாது. கண் மட்டும்தானே என்னுடையது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பழைய கீபோர்டு கெட்ட பிறகு பெட்டிக்குப் பத்து, பன்னிரண்டு மிஸ்மேட்ச் வர ஆரம்பித்தது. பென்சில்காரர் போன் செய்தார்.

"அக்காவுக்கு என்னம்மா ஆச்சு? கை நடுங்குதா? பத்துக்கு மேல போனா மூணு எச்சரிக்கை, அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. இது ரெண்டாவது."

மறுநாளே கடைக்குப் போனோம்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை அது. ஒரு சுவர் முழுக்கக் கீபோர்டுகளை மாட்டிவைத்திருந்தார்கள். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையிலேயே பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வந்தவர்கள் என்று முடிவுகட்டிவிட்டார்.

"இது பாருங்க, சின்னது. நம்பர் கட்டை கிடையாது. மேஜையில எடம் மிச்சம், விலையும் கம்மி."

"நம்பர் கட்டையை எடுத்துட்டு எங்களுக்கு எதுக்குங்க கீபோர்டு? கைப்பிடி இல்லாத கதவையும் விப்பீங்க போல" என்றேன்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். அவள் கடைக்காரரிடம் தணிவாகச் சொன்னாள்: "முழு சைஸ் வேணும் தம்பி. வலது பக்கம் நம்பர் தனியா இருக்கணும். மெக்கானிக்கல். ரப்பர் வெச்சது வேண்டாம், அது அடிச்சுதா அடிக்கலையான்னு விரலுக்குத் தெரியாது."

அவருக்கு மரியாதை வந்துவிட்டது. நான்கு கீபோர்டுகளை இறக்கி மேஜைமேல் வைத்தார். முதலாவதில் எல்லாக் கட்டைகளுக்கு அடியிலும் ஏழு நிறத்தில் விளக்கு எரிந்தது.

"விளக்குக்குத் தனி விலையா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமாங்க. ஆனா இருட்டுல அடிக்க ரொம்ப வசதி."

"எனக்கு விளக்கு வேண்டாம்" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாவதில் ஐந்தாம் எண் கட்டையின் மேல் மேடு இல்லை. பெரும்பாலான கீபோர்டுகளில் அந்தக் கட்டையில் ஒரு சின்னக் கோடு புடைத்திருக்கும். நடுவிரல் அதைத் தொட்டால் போதும், சுற்றியிருக்கும் எட்டு எண்ணும் தானாக விரலுக்கு வந்துவிடும். அக்கா தடவிப் பார்த்துவிட்டு அதைத் தள்ளி வைத்தாள். மீதி இரண்டில்தான் எங்களுக்குள் சண்டை. ஒன்று சத்தமில்லாதது, மெத்தென்று இறங்கும். இன்னொன்று ஒவ்வொரு தட்டுக்கும் டக் டக்கென்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரி சத்தம் போடும். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"சத்தம் போடாததை எடு. பக்கத்துல உக்காந்து படிக்கிறவ நான்தான். மண்டை காஞ்சிடும்."

"எனக்குக் கேக்கணும்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கடைக்காரர் எதற்காக என்று புரியாமல் என்னைப் பார்த்தார். சத்தம் போடுவதையே கட்டச் சொன்னேன். எனக்குக் கோபம்தான். அவள்மேல் இல்லை, ஆனால் யார்மேல் என்றும் தெரியாததால் வீடு வரைக்கும் அவளிடமே முறைத்துக்கொண்டு வந்தேன்.

புது கீபோர்டில் அக்காவுக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது. சரியாகச் சொன்னால் பழைய வேகத்தையும் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் அடித்தது சரியாக விழுந்ததா என்ற சந்தேகத்தில் தயங்கித் தயங்கி அடிப்பாள். இப்போது சந்தேகமே இல்லை. நான் ஒரு சீட்டைப் படித்து வாயை மூடுவதற்குள் அவள் அடித்து முடித்துவிட்டு ஐந்தின் மேட்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"சொல்லுடி, சொல்லு. தூங்கிட்டியா?"

டாக்டர்களின் கையெழுத்தை என்னவென்று சொல்வது. ஒன்று ஏழு மாதிரி, ஏழு ஒன்று மாதிரி, நான்கும் ஒன்பதும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்துப் படிக்க நேரமாகும். அக்கா அவசரப்படுத்த அவசரப்படுத்த எனக்கு எரிச்சல் ஏறியது. காலையில் நான் அடித்து வைத்தது என் திரையில் அச்சுப் போலத் தெளிவாக இருந்தது. ஒருநாள் தாளை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துப் படித்தேன். சுலபமாக இருந்தது. மறுநாளும் அப்படியே செய்தேன். அக்காவுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று நடுநடுவே சீட்டைப் புரட்டிச் சத்தம் மட்டும் உண்டாக்கினேன்.

பெட்டிகள் பூஜ்ஜியம் மிஸ்மேட்சோடு போக ஆரம்பித்தன. முதல் பெட்டிக்கு அக்கா சிரித்தாள். மூன்றாவதுக்கு, "பாத்தியா, கட்டை செஞ்ச வேலை" என்று கீபோர்டைத் தட்டிக்கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதினாறு வருஷத் தொழிலில் பூஜ்ஜியம் என்று ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை. மனுஷக் கை அப்படி வேலை செய்யாது. அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். பாதி சோம்பேறித்தனம்.

ஒன்பதாவது பெட்டியை வாங்கிப்போக ஆள் வரவில்லை. பென்சில்காரரே வந்தார். டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டு, பையிலிருந்து பத்துச் சீட்டுகளை எடுத்து அக்காவின் மேஜையில் வைத்தார்.

"சும்மா ஒரு பத்து அடிச்சுக் காட்டுங்கம்மா. மேலேருந்து கேக்கிறாங்க. ஒன்பது பெட்டி, ஒரு மிஸ்மேட்ச் இல்ல. நம்ப மாட்டேங்கிறாங்க."

"அக்காவுக்குத் தலைவலி சார். நாளைக்கு நானே ஆபீசுக்கு…" என்று நான் இழுத்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுவிரல் ஐந்தின் மேட்டைத் தேடி எடுத்துக்கொண்டது. சீட்டுகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"படிச்சுச் சொல்லுங்க சார். அடிக்கிறேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதச் சொல்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். டக் டக்கென்று அறை முழுக்கச் சத்தம். பத்துச் சீட்டிலும் ஒரு தப்பு இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டம்ளரில் பாதி டீ மிச்சம் இருந்தது.

ஒன்பது பெட்டிகளையும் வேறு இரண்டு பேரை வைத்து முதலிலிருந்து அடித்தார்கள். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அக்கா கீபோர்டை ஒரு துண்டு போட்டு மூடிவைத்திருந்தாள். பிறகு என்னை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

பென்சில்காரர் ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நாற்பத்தேழு தப்பு. ஒன்றையும் ஏழையும், நான்கையும் ஒன்பதையும் மாற்றிப் படித்தது. அறுபத்துநான்கு கிலோ ஆள் அறுபத்தொன்பது கிலோ ஆகியிருந்தார். ஒருவர் பதினேழு வயதில் முழங்கால் வலிக்கு வந்திருந்தார், உண்மையில் அவருக்கு வயது எழுபத்தேழு. நாற்பத்தேழும் இரண்டு பேர் கணக்கிலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன.

"எல்லாம் படிச்சதுல வந்த தப்பு. அடிச்சதுல ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "அந்தம்மா கையில ஒரு தப்பு கூட இல்ல."

"அப்போ?"

"அப்போ என்னம்மா. கண்ணு இல்லாதவங்களை வெச்சு எப்படிச் சீட்டு அடிக்கிறது? உங்களை விட முடியாதுன்னு சண்டை போட்டு வாங்கியிருக்கேன். இனிமே ஆபீசுல வந்து உக்காந்து அடிங்க."

தப்பு செய்தது நான் என்று எழுந்து கத்தியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இரண்டு பேரின் வேலையும் போனால் வாடகை யார் கொடுப்பது என்று ஒரு நொடி யோசித்தேன், அந்த ஒரு நொடியிலேயே தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை?"

"நாப்பத்தேழு."

"அதுல என்னோடது?"

"ஒண்ணு கூட இல்ல."

அவள் தலை கொஞ்சம் சாய்ந்தது. ஓரப் பார்வையில் என்னைப் பிடிக்க அவள் அப்படித்தான் சாய்ப்பாள்.

"எல்லாம் எப்படிடி ரெண்டுலயும் ஒண்ணா வரும்? ஒருதடவை தப்பாப் படிச்சாலும் மறுதடவை கண்ணுல பட்டிருக்குமே. தாளைப் பாத்துதானே படிச்ச? புரட்டுற சத்தம் கேட்டுச்சே."

பொய் சொல்ல இடமிருந்தது. அவளுக்கு என் முகம் தெரியாது.

"புரட்டினேன்" என்றேன். "பாக்கலை."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"யாரை வெச்சுக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"என்னை."

அக்கா எழுந்து போனாள். துண்டை எடுத்தாள், கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி வளையமாகச் சுற்றினாள், கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியைத் தடவித் தேடி அதற்குள் வைத்து மூடினாள். ஒவ்வொன்றையும் பொறுமையாக, ஒழுங்காகச் செய்தாள். பெட்டியை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு எடுத்துட்டுப் போ. அங்க ரப்பர் வெச்சதுதான் குடுப்பாங்க."

இப்போது ஆபீசில் அதில்தான் அடிக்கிறேன். சத்தம் தாங்க முடியவில்லை என்று பக்கத்து மேஜைக்காரி முகத்தைச் சுளிக்கிறாள். என் இரண்டாவது ஆள் ஊரின் இன்னொரு மூலையில் இருக்கிறார், நான் பார்த்ததில்லை. பெட்டிக்கு நான்கைந்து மிஸ்மேட்ச் வருகிறது. அதுதான் சரியான அளவு என்கிறார் பென்சில்காரர். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அக்கா சமைத்து மூடி வைத்திருக்கிறாள்.