வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு விண்கலம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் கிடைத்தது. கண்ணாடிக் கடைப் பெண்மணி என் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றிக்கொண்டே, "கீழ் வரி தெரியுதா சார்?" என்பதற்கும் "இப்போ?" என்பதற்கும் நடுவில் சொன்னது. நான் கதை எழுதுகிறவன் என்று வாயை விட்டிருந்தேன். "அப்போ எழுதுங்க. என் பேரு வேண்டாம். முக்கியமா என் நாத்தனார் பேரு வேண்டவே வேண்டாம்" என்றாள். எனவே இனி அவள் கண்ணாடிக்காரி. நாத்தனார், நாத்தனார்தான்.

ஆரம்பம்தான் சண்டித்தனம் செய்தது.

"எல்லையற்ற இருளில் ஒரு விண்கலம் தன்னந்தனியே மிதந்துகொண்டி

வேண்டாம். விஞ்ஞானக் கதை என்று நினைத்துப் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

"பெட்டியும் கையுமாக நாத்தனார் வந்து இறங்கிய அன்று அந்த வீட்டின் நிம்மதி

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் கூப்பிடாமலே கண்ணீர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். மீதிப் பேரும் போய்விடுவீர்கள்.

வாஷிங் மெஷினிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே கிடப்பது ஒரே ஒரு துண்டு, அதுவும் நேற்றே துவைத்தது. மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு, மடியில் டேப்லெட்டும் கையில் விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியுமாக உட்கார்ந்திருக்கிறாள் கண்ணாடிக்காரி. நாற்பதைத் தாண்டியவள். காதில் இயர்போன். அந்தச் சின்னத் திரையில் அவளுடைய விண்கலம் ஒரு கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கலத்தின் பெயர் 'கொசுவர்த்தி'. திரையின் மூலையில் எழுதியிருக்கும், விளையாட்டில் அவளுக்கும் அதுதான் பெயர்.

(பெயரை நான் வைக்கவில்லை. நான் 'விண்மீன்' என்று மாற்றிப் பார்த்தேன். "அது கடைப் பேரு மாதிரி இருக்கு சார்" என்று அடித்துவிட்டாள்.)

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விண்வெளி விளையாட்டு அது. கல்லைக் குடைந்து கனிமம் எடுக்க வேண்டும், கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் விற்க வேண்டும், வழியில் கொள்ளைக்காரர்களிடம் சிக்காமல் இருக்க வேண்டும். அவள் குழுவில் பத்துப் பதினைந்து பேர். தலைவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். 'கமாண்டர்' என்று கூப்பிடாவிட்டால் பதில் சொல்ல மாட்டார்.

கேம் பெட்டி இருப்பது ஹாலில், டிவிக்குக் கீழே. கடையை மூடிவிட்டு வந்ததும் சோபாவில் சாய்ந்து ஆடுவதுதான் அவள் வழக்கம். கணவர் லிஃப்ட் ரிப்பேர்காரர். யாராவது எங்காவது பாதி மாடியில் மாட்டிக்கொண்டே இருப்பதால் அவர் வீட்டில் தங்குவதில்லை. இந்தக் கதையிலும் தங்க மாட்டார்.

அப்போதுதான் அவருடைய அக்கா வந்தாள். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லி இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கினாள். நாலு நாள் வாரக்கணக்காக நீண்டது. தன் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தால் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிடுவாள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஹால் சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, டிவியைப் போட்டுக்கொண்டு, பேசாமல் இருந்தாள்.

ஹால் கைவிட்டுப் போனது. ஆனால் ஹாலில் ஓடும் விளையாட்டை வீட்டு வைஃபை வழியாக டேப்லெட்டுக்கு வரவழைக்கலாம் என்று கமாண்டர் சொல்லிக்கொடுத்தார். பெட்டி அங்கே வேலை செய்யும், படம் காற்றில் மிதந்து, மெஷின் இருக்கும் பின்கட்டுக்கு வரும். மெஷின் சத்தம் அவள் பேச்சை மறைக்கும். அந்த நாட்களில் அந்த வீட்டுத் துணிகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தன.

3

இங்கே ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. ஏன் ஒளிய வேண்டும்? சொந்த வீடு, சொந்தக் கேம் பெட்டி. முதல் பிரதியில், 'நாத்தனாருக்குப் பயந்து' என்று எழுதியிருந்தேன். கண்ணாடி வாங்கப் போனபோது படித்துக் காட்டினேன்.

"பயமெல்லாம் இல்ல சார். விளக்கம் சொல்றதுக்குச் சோம்பல்."

இதற்குமேல் ஒரு கதாபாத்திரத்தை எப்படி ஆராய்வது?

4

வைஃபைக்கு எதிரி மைக்ரோவேவ்.* நாத்தனாருக்கு முழங்கால் வலி. ஒத்தடத்துக்குத் தண்ணீரை மைக்ரோவேவில் சுட வைப்பாள். பொத்தானை அழுத்திய அந்த நொடியே பின்கட்டில் படம் சதுரம் சதுரமாக உடையும்.

"கொசுவர்த்தி, எங்க போறீங்க? முன்னாடி பாறை!" என்பார் கமாண்டர்.

"தெரியுது கமாண்டர்... இல்ல, தெரியல!"

டமார்.

* எல்லா வீட்டிலும் அல்ல. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் இப்படி ஆகும். கண்ணாடிக்காரி சொன்னது. நான் தலையாட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது நாத்தனார் தானாக வாயைத் திறந்தாள். பெட்டிகளை இறக்கியபிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

"டிவில புதுசா ஒரு படம் போடுறான். ரிமோட்ல எதையோ அழுத்தினேன், வந்துச்சு. வசனமே கிடையாது. வெறும் கப்பல்தான். ஆகாயத்துல போயிட்டே இருக்கு."

டேப்லெட்டுக்குப் படம் போனாலும் பெட்டி டிவிக்கும் அதையே அனுப்பும் என்பது கண்ணாடிக்காரியின் புத்திக்கு அப்போதுதான் எட்டியது.

"நல்லா இருக்கா அண்ணி?"

"படம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறவனுக்குத்தான் கண்ணு தெரியல. இவ்வளவு பெரிய ஆகாயத்துல இடமா இல்ல? நேரா போய்ப் பாறையில முட்டுறான்."

கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவளிடம் சொன்ன வார்த்தை! கண்ணாடிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ரசம்

(அடித்துவிட்டேன். எந்தச் சாப்பாடு என்றும் எழுதக் கூடாது என்றாள்.)

அதன்பிறகு தினமும் விமரிசனம் நடந்தது. "இன்னைக்குக் கொஞ்சம் திருந்திட்டான்." "இறங்குறப்போ ஏன் அவ்வளவு வேகம்? மாவு மூட்டையைப் போடுற மாதிரி போடுறான்." கண்ணாடிக்காரி மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே மறுநாள் மெதுவாக இறக்கினாள். இறக்கியதும், ஹாலிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்று இயர்போனைக் கழற்றிக் காது கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எந்த நாளிலிருந்து என்று கண்ணாடிக்காரிக்கு நினைவில்லை. ஆனால் நாத்தனார் ஒத்தடத் தண்ணீரைக் கேஸ் அடுப்பில் வைக்க ஆரம்பித்திருந்தாள். இதை வைத்து நீங்கள் முடிவுக்கு வருவதென்றால் வாருங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குழு மொத்தமும் மாதக்கணக்கில் குடைந்து சேர்த்த கனிமத்தை ஒரே சரக்குக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. கமாண்டர் ஓட்டுகிறார், கொசுவர்த்தி காவல். ஏற்கெனவே பாதிப் பேர் சலித்துப்போய் விலகியிருந்தார்கள். இந்தச் சரக்கும் பறிபோனால் குழுவே கலைந்துவிடும். கடையில் நாள் முழுக்க "இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா" என்று கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, "எங்க இருக்கீங்க கொசுவர்த்தி?" என்று கேட்க இருந்தது அந்தக் கூட்டம் மட்டும்தான்.

பாதி வழியில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் இரண்டு கப்பல். ஒன்றைச் சுட்டாள். மெஷின் துணி பிழியும் கட்டத்துக்கு வந்து தடதடவென்று ஆட, முக்காலியும் ஆடியது, அண்ட சராசரமும் ஆடியது. இரண்டாவதைக் குறி பார்க்கும்போது ஹாலிலிருந்து ஒரு அலறல்:

"பின்னாடி வர்றான்! ஏய் கொசுவர்த்தி, பின்னாடி!"

அவள் திரையில் பின்னால் யாருமே இல்லை. இருந்தும் கை தானாகத் திருப்பியது. திருப்பியபிறகுதான் டேப்லெட்டில் அந்த மூன்றாவது கப்பல் தெரிந்தது. காற்றில் வரும் படம் டிவியைவிட ஒரு இமைப்பொழுது தாமதம். அந்த இமைப்பொழுது நாத்தனாரிடம் இருந்தது.

"கீழ போ! கீழ!"

போனாள்.

"இப்போ அடி! என்ன வேடிக்கை பாக்குற?"

அடித்தாள். திரை முழுக்க ஆரஞ்சு நிறம். எஞ்சிய ஒருவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். சரக்குக் கப்பல் துறைமுகத்தில் இறங்கியது. கமாண்டர் இயர்போனில் அழுகிற மாதிரி சிரித்தார். "கொசுவர்த்தி, உங்களுக்கு முதுகுலயும் கண்ணா?"

6

முடிவு.

முதலில், நாத்தனார் ஓடி வந்து கட்டிப்பிடித்து, தன் வீட்டில் நடந்ததையெல்லாம் கொட்டி அழுவதாக எழுதினேன். கண்ணாடிக்காரி படித்துவிட்டு, "அவங்க அழுற ஆளே இல்ல சார்" என்றாள்.

அடுத்து, நாத்தனாரின் வீட்டுக்காரர் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்பதாக எழுதினேன். "அவரு வர்ற ஆளே இல்ல."

நடந்தது இவ்வளவுதான். நாத்தனார் மெதுவாகக் காலை ஊன்றிப் பின்கட்டு வரைக்கும் வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரிக்கு டேப்லெட்டை ஒளிக்க நேரமில்லை. நாத்தனார் அதைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை. மெஷினைத் திறந்து அந்த ஒற்றைத் துண்டை எடுத்து உதறினாள். மடித்தாள்.

"அந்தக் கப்பல்ல ஓட்டுறவனுக்குப் பக்கத்துல இன்னொரு சீட்டு இருக்கே. அது ஏன் எப்பவும் காலியாவே கெடக்கு?"

என்ன பதில் சொன்னாள் என்று கண் பரிசோதனை அன்றே நான் கேட்டேன். கண்ணாடிக்காரி என் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றிவிட்டு, "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள். நானாக ஏழெட்டுப் பதில் எழுதிப் பார்த்தேன். எல்லாமே கதாசிரியன் சொல்கிற பதிலாக இருந்தன. முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிற பதிலாக ஒன்றும் அமையவில்லை.

நீங்கள் உட்காருங்கள். முக்காலி லேசாக ஆடும், பழகிவிடும். மெஷின் நின்றுவிட்டது, இனி எதற்கும் சத்தத்தின் மறைவு கிடையாது. கமாண்டர் காதில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவர் காத்திருப்பார். நாத்தனார் காத்திருக்க மாட்டாள். ஒரு கேள்வியை இரண்டாவது முறை கேட்கிற ஆள் இல்லை அவள்.

சீக்கிரம் சொல்லுங்கள்.