மாடத்தி வராத நிறுத்தம்

...அந்தப் போர்வையையும் எடுத்துக்கொள்வதா வேண்டாமா, அது யாருடையது என்பதே இப்போது சுகப்பிரியாவுக்கு நிச்சயமில்லை, வாங்கியது மாடத்தி, போர்த்திக்கொண்டது இவள், துவைத்தது அன்றைக்கு யார் வீட்டில் இருந்தாளோ அவள், ஒன்பது வருஷம் ஒரே அறையில் கிடந்தவர்களுக்கு எது யார் சாமான் என்று பிரித்துக்கொடுக்க எந்தச் சட்டப் பிரிவிலும் வழி சொல்லியிருக்கவில்லை... பெங்களூரில் குளிரும், மே மாதத்திலேயே சாயங்காலமானால் குளிர்ந்தது, எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் மாடத்தி ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கும்போது கொடியில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், இருக்கட்டுமே, அவளுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும், இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஓ.டி.க்குப் போனவளுக்கு! "என்னட்டி செய்ய, சூப்பர்வைசர் வரச் சொல்லிட்டாரு" என்று நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தபோது சுகப்பிரியா விழித்துக்கொண்டுதான் கிடந்தாள், கண்ணை மட்டும் மூடியிருந்தாள், மாடத்தி தலைமாட்டில் வந்து நின்றது தெரிந்தது, கொஞ்ச நேரம் நின்றாள், எழுப்பவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் எழுப்பாவிட்டால் என்ன, தானாக எழுந்து உட்கார்ந்து, போய்ட்டு வாரேன்ட்டி என்று சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? சொல்லவில்லை, தூங்குகிறவள் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தாள், இத்தனை வயதில் அப்படி ஒரு நடிப்பு... கீழேயிருந்து வீட்டுக்கார ராஜாமணியம்மா, "இன்னாம்மா ப்ரியா, கெளம்பிட்டியா? ஆட்டோ வந்து நின்னுகினு கீது" என்று குரல் கொடுத்தாள். போர்வை கொடியிலேயே இருந்தது. இறங்கி வந்தபோது ராஜாமணியம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "உன் கூட்டாளி எங்கே? இன்னிக்குக் கூடவா வேலைக்குப் பூட்டா?" என்று கேட்டாள், இவள் ஆமாம் என்று தலையாட்டினாள், "நல்லா கீது போ" என்று அந்த அம்மாள் வாசலைப் பார்த்தாள், மாடத்தி அங்கே நின்றிருக்க வேண்டியவள் என்பதுபோல.

ஆட்டோவில் பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது செல்லக்கனி, விளாத்திகுளத்துப் பெண், மாடத்தியோடு ஒரே லைனில் வேலை, இப்போது அறையில் மூன்றாவது ஆள். மூன்றாவதா, இரண்டாவதா? மாத்தூர் தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தாள், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது, புழுதி, ஆட்டோக்காரர் யாரையோ திட்டினார், இந்தச் சாலையில்தான் முதல் முதலாகக் கம்பெனி பஸ்ஸில் போனாள், ப்ளஸ் டூ முடித்த கையோடு, பக்கத்து சீட்டில் முழங்கை இடித்த பெண்தான் மாடத்தி, கடையநல்லூர்ப் பக்கம் என்றாள், சங்கரன்கோவில் என்று இவள் சொன்னாள், அவ்வளவு போதுமாக இருந்தது. பழைய கம்பெனியை மூடினார்களே, அந்த வருஷம், கேட்டுக்கு வெளியே எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஒரு வக்கீலம்மா வந்து, கம்பெனி கேஸில் வந்த தீர்ப்பை யாராவது சத்தமாகப் படிங்கம்மா என்றபோது மாடத்திதான் விலாவில் குத்தினாள், "எந்திரிட்டி, நீ படி." எழுந்தாள், படித்தாள், பாதி புரியவில்லை, ஆனால் அத்தனை தலைகளும் தன்னைப் பார்த்துத் திரும்பியிருந்ததும், உட்கார்ந்த பிறகு மாடத்தி இவள் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டதும்... அன்றைக்கு ஆரம்பித்ததுதான், தபாலில் பி.ஏ., அப்புறம் திருவள்ளூர்ப் பக்கம் சட்டக் கல்லூரி, ஒருத்தி சம்பளத்தில் இரண்டு பேர், மாடத்தி ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் இப்போது இறங்கிப் போவது எளிதாக இருந்திருக்குமோ? போ என்று தள்ளிவிட்டதும் அவளேதான், இன்றைக்கு வராமல் இருப்பதும் அவளேதான், இதில் எதை நம்புவது?

போன கோடையில் பெங்களூருக்கு அந்த வக்கீல் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் போனபோதும் அப்படித்தான், கடைசிப் பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்கள், "சும்மா கெடக்கதுக்குப் போயிட்டு வாட்டி" என்று பஸ் ஏற்றிவிட்டாள். கண்ணாடிக் கட்டடம், ஸ்வெட்டர் போடாமல் உட்கார முடியாத ஏ.சி., நாள் முழுக்க ஒப்பந்தங்கள், எல்லாம் கம்பெனிகளுக்காக வாதாடும் ஆபீஸ், போனில் அதைச் சொன்னபோது மாடத்தி சிரித்தாள், "அப்போ நாளைக்கு எங்க மேலயே கேஸ் போடுவியாட்டி?" இவளும் சிரித்தாள், வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஆனால் வேலை பிடித்திருந்தது, அதை யாரிடம் சொல்வது, ஒரு வாக்கியத்தை உடைத்து இன்னொரு விதமாகக் கட்டும்போது உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது, சாயங்காலம் வெளியே வந்தால் மரங்களெல்லாம் நனைந்திருக்கும், அந்த மரங்களுக்குக் கீழே நடக்கும்போது இதை மாடத்திக்குக் காட்ட வேண்டும், இந்த வாசனையை, இந்தக் காற்றை என்று தோன்றும். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் கூட இருந்த பெண் உங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்டாள், இவள் வாயில் முதலில் வந்தது மாடத்தி, அம்மா இல்லை, அப்பா இல்லை, மாடத்தி... அது யார், அக்காவா என்று கேட்டாள், வேறு எந்தச் சொல்லும் கிடைக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். அக்காவா? அக்கா இல்லை. பின்னே? அந்தக் கேள்வியை அங்கேயே தட்டோடு கழுவி வைத்துவிட்டாள். திரும்பி வந்து அறைக்கதவைத் திறந்தால் ஜன்னலோரம் தான் படுக்கிற இடத்தில் வேறு யாருடைய தலையணையோ கிடந்தது, பூப்போட்ட உறை, மாடத்தி செல்லக்கனியைக் காட்டி, "இவளுக்கும் எடம் வேணும்லா" என்றாள், இவ்வளவு சீக்கிரமா என்று நெஞ்சில் ஒன்று இடறியது, வாய் என்னவோ நல்லதுதான் என்றது. பெங்களூரிலிருந்து வேலைக்கு வந்து சேரும்படி கடிதம் வந்தபோது, வருகிறேன் என்று அன்றைக்கே எழுதிப் போட்டாள். அந்தத் தலையணை மட்டும் இல்லாதிருந்தால் இரண்டு நாள் யோசித்திருப்பாளோ?

ஸ்ரீபெரும்புதூர் மேம்பாலத்துக்குக் கீழே ஆட்டோவை அனுப்பிவிட்டு நின்றார்கள், வெயில், பஸ் வர நேரமிருந்தது, மணிமண்டபம் பார்க்க வந்த ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். நீ ஏன் ஓ.டி.க்குப் போகவில்லை, ஒரே லைன்தானே என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். செல்லக்கனி திருதிருவென்று விழித்தது.

"எங்க லைனுக்கு இன்னைக்கு ஓ.டி.யே கெடையாதுக்கா. மாடத்தியக்காதான் அடுத்த லைன்ல ஆள் கொறையுதான்னு கேட்டு, வாங்கிட்டுப் போயிருக்காவ."

"கேட்டு வாங்குனாளா?"

"ஆமா." பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்த அந்தப் பெண், பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல, "யக்கா, நீங்க எம்மேல கோவமாவே இருக்கிய. ஜன்னலோரம் நான் ஒரு நாக்கூடப் படுக்கல. படுக்கப் போனேன், அக்கா விடல. நீங்க ஊர்ல இல்லாதப்ப அவியதான் அங்கன படுத்தாவ. எனக்கு அவிய எடத்தத் தந்தாவ" என்றது. அப்போ அந்தப் பூப்போட்ட உறை? "அது அக்கா தனக்குன்னு புதுசா தச்சதுல்லா. நீங்க வந்த பெறவுதான் எனக்குத் தந்தாவ."

பஸ் வந்துவிட்டது, யாரோ பையை வாங்கி அடியில் போட்டார்கள், செல்லக்கனி கையை ஆட்டியது, தானும் ஆட்டியிருக்க வேண்டும், நினைவில்லை... அவளா படுத்தாள், அங்கேயா, ஜன்னல் கம்பியில் இவள் கிளிப் மாட்டி வைத்திருக்கும் அந்த மூலையில், ஏன், காற்றுக்காக இருக்கும், கோடை இல்லையா, காற்றுக்காகத்தான், ஆனால் காற்றுக்கென்று படுத்தவள் அதை ஏன் சொல்லாமல் விட்டாள், இவள் முகம் சுண்டிப்போனது தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாள்? சுங்குவார்சத்திரத்தில் இன்னும் சிலர் ஏறினார்கள், கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டு சாலையோரம் நின்றார்கள், அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை பார்த்தாள். போகாதேட்டி என்று அவள் ஒருதரம் சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தால் நின்றிருப்பாயா? பொய் வேண்டாம், நின்றிருக்க மாட்டாள், அழுதுகொண்டாவது பஸ் ஏறியிருப்பாள், அப்படியானால் அந்தச் சொல் எதற்கு வேண்டியிருந்தது, கழுத்தில் போட்டுக்கொண்டு போகவா? வெள்ளை கேட் போயிற்று, பாலாற்றில் மணல்தான் கிடந்தது, கொஞ்சம் தூங்கினாள் போலிருக்கிறது, மடியில் போன் அதிர்ந்தது, டீ டயமில்தான் லாக்கரைத் திறந்து போனை எடுக்க விடுவார்கள், அந்த நேரத்துக்குள் எல்லாரும் வீட்டுக்குப் பேசுவார்கள், மாடத்தி யாருக்கும் பேசாமல் டீயைக் குடித்துக்கொண்டு நிற்பாள், இவ்வளவு வருஷத்தில் இந்த நேரத்தில் அவள் அழைத்ததே இல்லை.

"எங்கனட்டி போயிட்டிருக்க?"

"வாலாஜா தாண்டியாச்சு."

"சாப்ட்டியா?"

"ம்." பின்னாலே தட்டுகளும் பெண்களின் இரைச்சலும் கேட்டன. ஓ.டி. கேட்டா வாங்கினாய் என்று கேட்க வேண்டும், தலையணையைக் கேட்க வேண்டும். "நீ சாப்ட்டியா?"

"ஆச்சு. போர்வைய விட்டுட்டுப் போயிட்டியாமே, செல்லக்கனி சொல்லுதா. குளுருமே."

"அங்கன வாங்கிக்கிடுதேன்."

"ரூம் பாத்துட்டேன்னியே, எப்படி, சின்னதா?"

"சின்னதுதான்."

பிறகு மாடத்தியின் குரல், வழக்கத்தைவிட மெதுவாக, "ஒருத்திக்குப் போதும்லா."

"ம்."

பெல் அடிக்கும்வரை தட்டுகளின் இரைச்சல்தான் வந்துகொண்டிருந்தது. "செரிட்டி, பெல்லடிச்சிட்டாவ" என்று அவள் வைத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே மலைகள் வரத் தொடங்கியிருந்தன, ஒருத்திக்குப் போதும்லா, ஒருத்திக்குப் போதும்தான், வீட்டுத் தரகர் எத்தனை பேர் என்று கேட்டபோது ஒருத்திதான் என்று யோசிக்காமல் சொன்னது இவள்தானே, நீயும் வாட்டி என்று அவளிடம் ஒரு நாளும் கேட்காததும் இவள்தானே, போகாதே என்று அவள் சொல்லவில்லை என்றே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வா என்று சொல்ல ஏன் தோன்றவில்லை... ஒருத்திக்குப் போதும்லா, திரும்பவும் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள், மாடத்தி சொன்ன மாதிரியே, மெதுவாக, கடைசியில் குரல் கீழே இறங்காமல் கொஞ்சம் மேலே போய் நின்ற அந்த மாதிரியே, அப்போதுதான், பஸ் ஒரு பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் பட்டது, அவள் சொல்லவில்லை, கேட்டிருக்கிறாள், பெல் அடிக்கும்வரை காத்தும் இருந்திருக்கிறாள், அதற்குத்தான் இவள் ம் என்று சொல்லியிருந்தாள்.